பெரும்பாலோர் என்றால் யார்?

சனிக்கிழமை டியூஷன். மலேசியப் பள்ளியின் படிவம் நான்கு, வரலாறு. பாடநூல் மலாயில், எங்கள் வாய்ச்சண்டை தமிழில்.

பலகையில் ஒரே ஒரு செய்தி எழுதினேன். 1941 டிசம்பரில், பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த மலாயாவுக்குள் ஜப்பான் படை நுழைந்தபோது, சிங்கப்பூர் வானொலியில் பிரிட்டிஷ் அமைச்சர் டஃப் கூப்பர் சொன்னது: பினாங்குத் தீவு மக்களில் பெரும்பாலோர் வெளியேற்றப்பட்டுவிட்டனர். "இதில் என்ன தப்பு?"

முழித்தார்கள். பின்வரிசைப் பெண் மட்டும், "டீச்சர், அப்படின்னா எங்க கொள்ளுப்பாட்டி எப்படி இங்கேயே இருந்தாங்க?" என்றாள்.

அதேதான்! ராவோடு ராவாகக் கப்பல் ஏறியது வெள்ளைக்காரர்கள். பினாங்கின் ஜார்ஜ்டவுன் நகரில் ஜப்பானியக் குண்டுக்கு நடுவே நின்றவர்கள் 'மக்கள்' கணக்கிலேயே வரவில்லை.

அப்புறம் ஜப்பான்காரன் வந்தான். 'ஆசியா ஆசியருக்கே' என்றான். காதுக்கு இனிப்பாகத்தான் இருந்திருக்கும். நல்ல சம்பளம் என்று ஆசை காட்டித் தோட்டத்துத் தமிழர்களைச் சயாம்-பர்மா ரயில்பாதை போடும் வேலைக்கு ஏற்றியதும் அவன்தான். பல்லாயிரம் பேர் திரும்பவில்லை.

வகுப்பு முடிந்தும் ஒரு பையன் போகவில்லை. வாட்ஸ்அப்பில் வந்த ஏதோ போர்க் காணொளியை நீட்டி, "இதுல மக்கள்னு யாரைச் சொல்றாங்க டீச்சர்?" என்கிறான். எனக்கும் சட்டென்று பதில் வரவில்லை. சரி, அடுத்த வாரம் பாடம் அதுதான்.