பழ ஈக் கருவில் மயோசின்: பிடியும் தளர்வும்

செல் சுருங்குவதைப் பற்றிப் பேசும்போது மயோசின் என்ற இழுக்கும் புரதம் எப்படி முடுக்கப்படுகிறது என்பதோடு நிறுத்திவிடுகிறோம். அது எப்படித் தளர்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு நேராகும். இதற்குப் பழ ஈக் கருவைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

25 டிகிரி செல்சியஸில், முட்டையிட்டுச் சுமார் மூன்று மணி நேரத்தில், வயிற்றுப்பக்கச் செல்கள் தங்கள் வெளிமுகத்தைச் சுருக்கி, வாய்க்கால் போல உள்ளே மடிகின்றன. ஃபாக் என்ற புரதச் சமிக்ஞை, ரோ என்ற சுவிட்ச் புரதத்தைத் தூண்டும். ரோ, பாஸ்பேட் ஏற்றும் நொதியான ரோ கைனேஸைத் தூண்டும். அது மயோசினின் ஒழுங்காற்றும் சங்கிலியில் 20, 21ஆம் இடங்களில் பாஸ்பேட்டை ஏற்றும். சுருண்டு கிடந்த மயோசின் நிமிர்ந்து, இழையாகக் கோத்துக்கொண்டு, செல்லின் இழைச்சட்டமான ஆக்டினை இழுக்கும். ஏறிய பாஸ்பேட்டை மயோசின் பாஸ்பட்டேஸ் என்ற நொதி கழற்றிக்கொண்டே இருக்கும்.

இந்த ஏற்றமும் கழற்றலும் துடிப்பாக வெளிப்படுகின்றன. சராசரியாக 80 நொடிக்கு ஒரு துடிப்பு என்று 2009இல் அளந்தார்கள். துடிப்புகளுக்கு நடுவே செல் பழைய அளவுக்குத் திரும்பாது. லாரிக்கு ஜாக்கி போடும்போது ஏறிய உயரம் இறங்காமல் நிற்பதைப் போல.

பாஸ்பேட் எப்போதும் ஏறியிருப்பதுபோல் மயோசினை மாற்றினால் என்ன ஆகும்? 2014இல் செய்து பார்த்தார்கள். செல் சுருங்கத்தான் செய்கிறது, ஆனால் படிப்படியாக இல்லாமல் ஒரே இழுப்பாக. திசு மடியும் நேரத்தில் செல்லுக்குச் செல் இருக்கவேண்டிய ஆக்டின்–மயோசின் வலைப்பின்னல் இணைப்பு அறுந்துபோகிறது. எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது: விசை இருந்தும் திசு தாங்கவில்லை.

இதைப் படமெடுப்பவர்களுக்குச் சில குறிப்புகள். 30 நொடிக்கு ஒரு படம் எடுத்தால் துடிப்பின் வடிவமே தெரியாது. 5 முதல் 10 நொடி வையுங்கள். மேலே மூடும் மெல்லிய கண்ணாடியான கவர்ஸ்லிப் கருவை நசுக்கக் கூடாது, இருபுறமும் முட்டுக் கொடுங்கள். ரோ கைனேஸைத் தடுக்கும் ஒய்-27632ஐ மேலே ஊற்றிப் பயனில்லை. முட்டையின் உட்சவ்வு அதை உள்ளே விடாது. ஊசியால்தான் செலுத்த வேண்டும். வளர்ப்புச் செல்களில், மயோசினைத் தடுக்கும் பிளெபிஸ்டாட்டின் போட்டு நீல ஒளியில் ஜிஎஃப்பி என்ற ஒளிரும் புரதத்தைப் பார்ப்பது வீண் வேலை. அந்த ஒளியில் மருந்து செயலிழப்பதோடு செல்லுக்கு நஞ்சாகவும் மாறும். அந்த மருந்தின் பாரா-நைட்ரோ வடிவம் ஒளியைத் தாங்கும்.

இன்னொன்று, மயோசின் பிரகாசமாகத் தெரிவதாலேயே விசை அதிகம் என்று எழுதிவிடாதீர்கள். லேசரால் ஆக்டின்–மயோசின் வலையை வெட்டி, விளிம்புகள் முதல் சில நொடிகளில் விலகும் வேகத்தைப் பாருங்கள். அந்த வேகத்தில் இழுவிசையோடு பிசுபிசுப்பும் கலந்திருப்பதால், ஒரே பருவத்துக் கருக்களை மட்டுமே ஒப்பிட முடியும். வெட்டும் திசையையும் குறித்துவையுங்கள். இந்த வாய்க்காலில் தலை–வால் திசை இழுவிசை, குறுக்குத் திசையைவிட அதிகம். செல்கள் அகலத்தில் கூடுதலாகவும் நீளத்தில் குறைவாகவும் சுருங்குவது அதனால்தான்.