எம் புக்கைப் பார்க்க அலைந்த கதை

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற ஓடைக்குப் பக்கச்சுவர் கட்டினார்கள். வேலை முடிந்து நட்ட பலகையில் நீளம் 60 மீட்டர் என்று எழுதியிருந்தது. பார்த்தால் அவ்வளவு இருக்கும் என்று தோன்றவில்லை. கொத்தனார் வேலை பார்க்கும் மச்சானிடம் டேப் வாங்கி அளந்தேன். 38. மறுபடியும் அளந்தேன், 38தான். பலகையை ஒரு போட்டோ எடுத்து வைத்தேன். நல்லவேளை, அடுத்த மாதமே பலகையைக் காணோம்.

வேலையை நடத்திய ஆபீஸுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், தபால் ரசீது எல்லாம் சரி. கேள்விதான் தப்பு. ‘22 மீட்டர் குறைந்தது ஏன்? இதற்கு யார் பொறுப்பு?’ என்று ஆவேசமாக எழுதியிருந்தேன். சரியாக முப்பதாவது நாள், நான் கேட்டது ‘தகவல்’ என்ற வரையறைக்குள் வராது என்று பதில் வந்தது. எரிச்சலாக இருந்தாலும் அவர்கள் சொன்னது சட்டப்படி சரி. ஆபீஸில் இருக்கிற காகிதத்தைத்தான் கேட்டு வாங்க முடியும். ஏன், எதற்கு என்று விளக்கம் எழுதித் தர வேண்டிய கடமை அவர்களுக்கு இல்லை. ஒரு மாதம் வீண்.

இரண்டாவது மனுவில் ஒரு கேள்விக்குறிகூட இல்லை. மதிப்பீடு, வேலை உத்தரவு, பில், எம் புக்கில் (மெஷர்மென்ட் புக், அதாவது செய்த வேலையின் அளவை எழுதி வைக்கும் புத்தகம்) அந்த வேலைக்குரிய பக்கங்கள், இவற்றின் நகல் வேண்டும். 2(ஜே) பிரிவின்படி நேரில் பார்க்கவும் அனுமதி வேண்டும். அவ்வளவுதான். முப்பது நாள் கழிந்தும் சத்தமில்லை. முதல் மேல்முறையீடு போட்டேன், அதற்குக் கட்டணம் கிடையாது. அதற்கப்புறம்தான் வரச்சொல்லி போன் வந்தது.

இரண்டு பஸ் மாறிப் போனால், “சாரு சைட்டுக்குப் போயிருக்காரு, பீரோ சாவி அவருட்டதான் இருக்கு” என்றார்கள். மறு வாரம் போனபோது சார் இருந்தார், சாவியும் இருந்தது. கிளார்க் மட்டும் என்னை ஏற இறங்கப் பார்த்து, “இத என்னத்துக்குக் கேக்குதிய? அங்க இடத் தகராறு ஏதும் உண்டா?” என்றார். காரணம் கேட்கக் கூடாது என்று 6(2) பிரிவு சொல்கிறது. பிரிண்ட் எடுத்துக் கொண்டுபோயிருந்தேன், மேசையில் வைத்தேன். நீங்களும் ஒன்று கொண்டு போங்கள். வாயால் சொன்னால் சண்டை ஆகிவிடும், காகிதத்தை நீட்டினால் பேச்சு நின்றுவிடுகிறது.

நீள வாட்டில் ஒரு தடித்த புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் நம்பர். நீளம், அகலம், உயரம் என்று கட்டம். நம் சுவருக்கு 60.00 என்று நீல மையில் அழகாக எழுதி, பக்கத்தில் கையெழுத்து. கீழே மேலதிகாரி நேரில் வந்து சரிபார்த்ததாக இன்னொரு கையெழுத்து, தேதியோடு. அந்தத் தேதியில்தான் என் கண் நின்றது. நவம்பர் மழை. அன்றைக்கு ஓடையில் இடுப்பளவு வெள்ளம், எங்கள் அடுக்களைக்குள்ளேயே தண்ணீர். என் போனில் அதே தேதியில் எடுத்த வீடியோ இருக்கிறது. அந்த வெள்ளத்தில் இறங்கி டேப் பிடித்தவர் யாரோ, பெரிய தைரியசாலிதான்.

14 பக்கம் நகல் கேட்டேன். “பக்கத்துக்கு 2 ரூவா கெட்டணும்” என்றார் கிளார்க். முப்பது நாள் தாண்டினால் இலவசம், 7(6) என்றேன். உள்ளே போனார், வந்தார், ஒன்றும் பேசாமல் ‘உண்மை நகல்’ முத்திரை குத்திக் கொடுத்தார். 28 ரூபாய்தான், ஆனால் அன்றைக்குச் சாயா தனி ருசி.

அந்த நகல், வீடியோ, பலகை போட்டோ மூன்றையும் வைத்து லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் புகார் எழுதினேன். சொந்தப் பெயரில்தான். மொட்டைக் கடுதாசிக்கு யாரும் மதிப்புக் கொடுப்பதில்லை. அங்கே ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து விளக்கினார். பணம் வாங்கும்போது கையும் களவுமாகப் பிடித்தால் முன் அனுமதி தேவையில்லையாம். இதுபோல அதிகாரி பதவியில் இருந்து எடுத்த முடிவை விசாரிக்க, ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018 திருத்தத்தில் வந்த 17ஏ பிரிவின்படி முதலில் அரசின் அனுமதி வேண்டுமாம். அதற்கு மூன்று மாதம் கெடு, இன்னும் ஒரு மாதம் நீட்டிக்கலாம்.

இதற்கிடையில் ஒரு நாள் விடியற்காலையில் ஓடைக்கரையில் லாரிச் சத்தம். கல் இறக்குகிறார்கள், மீதி 22 மீட்டரைக் கட்ட. கைலியோடு ஓடிப்போய்ப் போட்டோ எடுத்தேன், தேதியும் நேரமும் விழுகிற மாதிரி. டிரைவர் சிரித்துக்கொண்டே கேட்டார், “என்ன அண்ணே, சுவர் வேண்டாமா?”

வேண்டும்தான். அந்தப் போட்டோவையும் ஒரு கடிதத்தோடு சேர்த்து அனுப்பிவிட்டேன்.