ஹப் வாங்கறதுக்கு முன்னாடி லேப்டாப்ல என்ன போர்ட் இருக்குன்னு பாருங்க

தெரிஞ்சவங்க யாராவது புது லேப்டாப் வாங்குனா அடுத்த வாரமே என்கிட்ட கேக்கறது, எந்த ஹப் (ஒரு போர்ட்ட பல போர்ட்டா பிரிச்சுத் தர்ற சின்ன பெட்டி) நல்லாருக்கும்னுதான். இப்ப வர்ற மெல்லிசு மாடல்ல பாதிக்கு மேல ரெண்டு டைப்-சி போர்ட்டோட முடிஞ்சிருது, மானிட்டர், கீபோர்டு, ஹார்ட் டிஸ்க், நெட் கேபிள்னு எல்லாத்தையும் அந்த ரெண்டுலதான் சமாளிக்கணும். உடனே எல்லாரும் ஆன்லைன்ல போய் 7-இன்-1ஆ 11-இன்-1ஆன்னு ஹப்ல இருக்கற ஓட்டைய எண்ண ஆரம்பிச்சிடறாங்க. அது அப்புறம். முதல்ல லேப்டாப் போர்ட்ட பாருங்க, அதுல வராதது சாதாரண ஹப் எதுலயும் வராது.

டைப்-சிங்கறது வெறும் வாய் வடிவம் மட்டும்தான். பக்கத்து பக்கத்துல ஒரே மாதிரி ரெண்டு போர்ட் இருக்கும், ஒண்ணு 5 ஜிபிபிஎஸ் (நொடிக்கு இத்தன கிகாபிட் டேட்டா) வேகத்துலதான் போகும், இன்னொண்ணு தண்டர்போல்ட் 4ங்கற வேகமான வகை, 40 ஜிபிபிஎஸ். டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட் (டைப்-சி வழியாவே மானிட்டருக்கு படம் அனுப்பற வசதி) இல்லாத போர்ட்ல சாதாரண ஹப்ப சொருகினா மவுஸ், பென் டிரைவ் எல்லாம் ஓடும், மானிட்டர்ல மட்டும் படமே வராது. கம்பெனி சைட்ல உங்க மாடல் நம்பர் போட்டு இந்த ஒரு விஷயத்த கண்டிப்பா பாத்துருங்க.

4கே மானிட்டர் வச்சிருக்கவங்க இன்னும் கொஞ்சம் கவனிக்கணும். டைப்-சில வேகமா டேட்டா போறதுக்கு நாலு லேன், அதாவது நாலு பாதை இருக்கு, வேகமான யூஎஸ்பி போர்ட் வச்ச ஹப் அதுல ரெண்ட யூஎஸ்பிக்கு எடுத்துக்கும், மிச்சம் ரெண்டுலதான் படம் போகணும், லேப்டாப்போ ஹப்போ டிஸ்ப்ளேபோர்ட் 1.2ங்கற பழைய வெர்ஷன்தான்னா அந்த ரெண்டு லேன்ல 4கே 30 ஹெர்ட்ஸோட (நொடிக்கு 30 தடவ படம் மாறறது) நின்னுரும், ரெண்டுமே 1.4னா 60 கிடைக்கும். 30ல நாள் முழுக்க வேலை பாக்கறது கொடுமைங்க, மவுஸ் அம்பு இழுத்து இழுத்து வரும். அட்டைல பெருசா 4கேன்னு போட்டிருப்பாங்க, பக்கத்துல பொடி எழுத்துல 30ன்னு இருக்கும், அத தேடிப் பாருங்க. ஃபுல் எச்டி மானிட்டர்னா இந்தக் கவலையே வேணாம்.

மேக் ஆளுங்களுக்கு தனியா ஒண்ணு சொல்லணும். ரெண்டு எச்டிஎம்ஐ இருக்கற ஹப் விண்டோஸ்ல எம்எஸ்டி (ஒரே கேபிள்ல பல மானிட்டருக்கு தனித்தனி படம் அனுப்பற முறை) வழியா ரெண்டு ஸ்க்ரீன்லயும் வேற வேற காட்டும், மேக்ல ரெண்டுலயும் ஒரே படம்தான் வரும். எம்1 மேக்புக் ஏர் வெளிய ஒரு மானிட்டருக்குத்தான் சப்போர்ட். டிஸ்ப்ளேலிங்க் சிப் வச்ச டாக் (மேஜைலயே வைக்கற பெரிய ஹப்) வாங்கி டிரைவர் போட்டா ரெண்டு மானிட்டர் ஓடும், ஆனா அந்தப் படத்த சாஃப்ட்வேர்தான் தயார் பண்ணி அனுப்புதுங்கறதால ப்ராசஸர் கொஞ்சம் வேலை செய்யும், சில ஓடிடி வீடியோ கருப்பாயிரும். கோடு எழுத, எக்செல் பாக்க தாராளமா போதும்.

ஹப் வழியா லேப்டாப்ப சார்ஜ் பண்றப்ப, அட்டைல 100 வாட்னு போட்டிருந்தாலும் ஹப் தனக்கு 10, 15 வாட் எடுத்துக்கிட்டுதான் மிச்சத்த தரும், அதனால 65 வாட் சார்ஜர்ல லேப்டாப்புக்கு 50 கிட்டதான் போகும்.

அப்புறம் வயர்லெஸ் மவுஸ் திக்கித் திக்கி ஓடுதுன்னா மவுஸ மாத்திராதீங்க. யூஎஸ்பி 3 போர்ட்டோட ரேடியோ இரைச்சல், அந்த மவுஸ் பேசற 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைலயே விழும், இன்டெல்லே 2012ல இதப் பத்தி ஒரு பேப்பர் போட்டுச்சு. மவுஸோட டாங்கிள (யூஎஸ்பில சொருகற குட்டி ரிசீவர்) ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிள்ல ஹப்ப விட்டுத் தள்ளி வச்சாலே பெரும்பாலும் சரியாயிடும்.

பையில போட்டுட்டு அலையறவங்களுக்கு ஹப், ஒரே மேஜைல உக்காந்து ரெண்டு மானிட்டர்ல வேலை பாக்கறவங்களுக்கு தனி அடாப்டரோட வர்ற டாக், எனக்குத் தெரிஞ்ச கணக்கு இவ்வளவுதான். நம்ம ஊர்ல கரண்ட் கட்டையும் இதுல சேத்துக்கணும். சார்ஜர் சொருகின ஹப்ல கரண்ட் போற நொடில பல ஹப் ஒரு தடவ ரீசெட் ஆகும், காப்பி ஆயிட்டிருக்கற ஹார்ட் டிஸ்க் பாதில கழண்டுரும், அதனால ஹார்ட் டிஸ்க்க லேப்டாப்லயே நேரா மாட்டுங்க. டாக்னா கரண்ட் போனதும் மானிட்டர், நெட், கீபோர்டு எல்லாமே ஒண்ணா போயிரும், அதனால டாக்கோட அடாப்டரையும் மானிட்டரையும் யூபிஎஸ்ல சேத்து மாட்டிருங்க.