அண்ணன் கழற்றி வைத்த கடிகாரம்

மார்ச் 3

அண்ணன் வேலை பார்த்த ஆலையை மூடி இன்றோடு நான்கு மாதம். காலையில் பார்க்கப் போனபோது மணி கேட்டேன். வெறும் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, “தெரியலையே” என்றார். கடிகாரம் பீரோவில் கிடக்கிறதாம். பழுதில்லை, ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. “மணி பார்த்து எங்கே போகப் போறேன்?” என்றார். அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மார்ச் 4

சில வாரங்களாக, 1930களில் உலகப் பொருளாதாரமே முடங்கிப்போன பெருமந்தத்தைப் பற்றிப் படித்து வருகிறேன். நேற்றிரவு படித்தது ஆஸ்திரியாவைப் பற்றி. வியன்னாவுக்கு அருகே மரியன்தால் என்றொரு சிற்றூர். ஊரே ஒரு நெசவாலையை நம்பிப் பிழைத்தது. மந்தத்தில் அது மூடப்பட்டது. மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட் முதலிய சமூக ஆய்வாளர்கள் அங்கே போய், வேலையிழந்த குடும்பங்கள் எப்படி வாழ்கின்றன என்று ஆராய்ந்து 1933இல் வெளியிட்டார்கள்.

பொழுது மிஞ்சிக் கிடக்கிறதே, நூலகத்தில் கூட்டம் கூடியிருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். கட்டணத்தை நீக்கிய பிறகும், இரவல் போன புத்தகங்கள் இரண்டே ஆண்டில் கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டன. தெருவில் ஆண்கள் நின்று நின்று நடந்தார்கள். பெண்களுக்கு வீட்டுவேலை அப்படியே இருந்ததால் வேகமாகப் போனார்கள். பெரும்பாலான ஆண்கள் கடிகாரம் இல்லாமலேயே நடமாடினார்கள்.

அந்த வரிக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை.

மார்ச் 9

அண்ணி சொன்னார்கள்: “ராத்திரி எழுந்து உட்கார்ந்துக்கிறார். தனக்குச் சாமர்த்தியம் பத்தலைன்னே சொல்லிட்டிருக்கார்.”

எனக்குக் கோபம் வந்தது, அண்ணன் மேல் அல்ல. 1933இல் அமெரிக்காவில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வேலையில்லை. நான்கே ஆண்டு முன்பு அவர்களில் பெரும்பாலோர் தினமும் வேலைக்குப் போனவர்கள்தான். அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் சாமர்த்தியம் வற்றிப்போகுமா? ஒருவர் செலவைக் குறைக்கிறார், அது இன்னொருவரின் வருமானத்தில் விழுகிறது. அவரும் கையை இறுக்குகிறார். கடையில் விற்பனை இல்லை, ஆலைக்கு ஆர்டர் இல்லை, அடுத்து ஆட்குறைப்பு. இந்தச் சங்கிலியில் தனி ஆள் செய்த தப்பு எங்கே இருக்கிறது? ஆனாலும் ஒவ்வொருவரும் தன் வீட்டுக்குள் தன்னைத்தான் நொந்துகொள்கிறார். மந்தத்தின் ஆகப் பெரிய கொடுமை இதுதான் என்று எனக்குப் படுகிறது.

மார்ச் 10

இன்று ஒரு கல்யாணம். அண்ணன் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லச் சொன்னாராம்.

மார்ச் 15

அண்ணன் மகள் கேட்டாள்: “மந்தம் வந்தா விலை இறங்கும்னு படிச்சேன். அது நல்லதுதானே?”

வீட்டுக்கடன் பத்திரத்தைக் காட்டித்தான் விளக்கினேன். விலை இறங்கும்போது கூலியும் இறங்கும், கடனில் எழுதிய தொகை மட்டும் இறங்காது. 1930 வாக்கில் நெல் விலை சரிந்தபோது நம் விவசாயிகளுக்கு நேர்ந்தது அதுதான். வட்டியும் நிலவரியும் பழைய கணக்கில் நின்றன. அவற்றைக் கட்ட முன்னைவிடப் பல மூட்டை அதிகம் விற்க வேண்டியிருந்தது. பணத்தின் மதிப்பைத் தங்கத்தோடு கட்டி வைத்திருந்த முறையை 1931இல் பிரிட்டன் கைவிட்ட பிறகு, இந்தியாவிலிருந்து தங்கம் கப்பல் கப்பலாக வெளியேறியது. புள்ளிவிவரத்தில் அது ஏற்றுமதி. அதில் எவ்வளவு, ஏதோ ஒரு வீட்டில் ஒரு பெண் கழற்றிக் கொடுத்ததாக இருந்திருக்கும்!

சேமித்தவர்களும் தப்பவில்லை. 1930க்கும் 1933க்கும் இடையில் அமெரிக்காவில் 9,000க்கும் மேற்பட்ட வங்கிகள் நொடித்தன. வைப்புத்தொகைக்கு நாடு தழுவிய காப்பீடு வந்தது அதற்குப் பிறகுதான். வாழ்நாள் முழுக்கச் சிறுகச் சிறுகச் சேர்த்தவர்கள் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றார்கள்.

அவள் பத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “அப்பா கிட்ட இதைச் சொன்னீங்களா?” என்றாள்.

மார்ச் 16

சொன்னேன். மரியன்தாலைப் பற்றியும் சொன்னேன். கடிகாரம் என்றதும் தலை நிமிர்ந்தார். நூலகக் கதையை முடிப்பதற்குள் அவரே, “போகத் தோணாதுடா. எனக்குத் தெரியும்” என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, சந்தைக்குப் போகும் நேர் வழியில் தான் போவதில்லை, சுற்றித்தான் போவதாகச் சொன்னார். அந்தத் தெருவில்தான் அவரோடு ஒரே ஷிஃப்டில் இருந்த நண்பரின் வீடு. நான்கு மாதமாக இருவரும் பேசவில்லை.

மார்ச் 18

நண்பருக்கு அண்ணனே போன் செய்தார். நான் பக்கத்து அறையில் இருந்தேன். முதலில் நீண்ட மௌனம். பிறகு, “நீயுமா?” என்று அண்ணன் கேட்டது காதில் விழுந்தது. அவரும் அண்ணன் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று இந்தப் பக்கமே வராமல் இருந்திருக்கிறார்.