கட்டாயமா என்று கேட்டார்

அந்தப் பையன் நன்றாக இருக்கிறான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் படிப்பவர்கள் கடைசிவரை அதையே எதிர்பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் சொல்ல வந்தது அதுவல்ல. அவன் நன்றாக இருப்பதால் நான் அன்று சொன்ன பதில் சரி என்று ஆகிவிடாது. நோய் திரும்பியிருந்தால் தவறு என்றும் ஆகியிருக்காது. மாணவர்களுக்கு வகுப்பில் நானே இதைச் சொல்கிறேன். ஆனாலும் அவன் பரிசோதனைக்கு வரும் நாளில் ஸ்கேன் அறிக்கையைத் திறக்கும்போது என் கை அவசரப்படத்தான் செய்கிறது.

2019. காதை ஒட்டி, மண்டையோட்டின் அடிப்பகுதிவரை போயிருந்த ராப்டோமயோசர்கோமா, குழந்தைகளுக்கு வரும் ஒரு தசைப் புற்றுநோய். எம்ப்ரியோனல் வகை, ஐந்து சென்டிமீட்டருக்கு மேல். பையனுக்கு வயது ஐந்து. விஏசி என்ற மூன்று மருந்துக் கூட்டு பதினான்கு சுற்று, நடுவில் கதிர்வீச்சு. கடைசி எம்ஆர்ஐயில் கட்டி இல்லை. அப்பாவுக்கு விசைத்தறியில் வேலை. மருந்து ஏற்றத் தோலுக்கடியில் வைத்திருந்த போர்ட்டை எப்போது எடுப்பீர்கள் என்று கேட்கத்தான் அவர் வந்திருந்தார். ஜூனில் பள்ளி திறக்கிறது, ஒன்றாம் வகுப்பில் இடம் வாங்கியாகிவிட்டது. முதல் நாள் நான் கட்டம் போட்டுக் கொடுத்த தாளைப் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்தார். பதினான்கு கட்டங்கள், பதினான்கிலும் டிக். சில டிக் நீலம், சில சிவப்பு. ஒன்று மட்டும் பையனே போட்டதுபோலக் கோணலாக இருந்தது.

நான் வேறொன்றைச் சொல்ல உட்கார்ந்திருந்தேன்.

இந்த நோயில் அட்லாண்டிக்கின் இரண்டு கரையும் பல்லாண்டுகளாக ஆளுக்கொரு வழியில் போகின்றன. அமெரிக்காவில் விஏசி: வின்கிரிஸ்டின், ஆக்டினோமைசின், சைக்ளோபாஸ்பமைடு. ஐரோப்பாவில் சைக்ளோபாஸ்பமைடுக்குப் பதில் ஐபாஸ்பமைடு, அது ஐவிஏ. நோய் பரவாத குழந்தைகளிடம் இரண்டையும் அமெரிக்கர்களே ஒப்பிட்டு, பிழைப்பவர்கள் விகிதத்தில் வேறுபாடு இல்லை என்று 2001-இல் எழுதிவிட்டார்கள். ஐபாஸ்பமைடு சிறுநீரகத்தைத் தொடும், சைக்ளோபாஸ்பமைடு பிற்காலத்தில் பிள்ளை பெறும் திறனைத் தொடும். எங்கள் பக்கம் விஏசி நிலைத்ததற்கு அறிவியல் மட்டும் காரணமில்லை. சைக்ளோபாஸ்பமைடை ஒரே நாளில் ஏற்றி மாலையில் அனுப்பிவிடலாம். ஐபாஸ்பமைடு என்றால் படுக்கை வேண்டும், சிறுநீர்ப்பையைக் காக்க மெஸ்னா என்ற மருந்து வேண்டும், இரவு முழுக்கச் சிறுநீரை அளக்க ஆள் வேண்டும்.

அப்படியிருக்கும்போது ஐரோப்பியர்கள் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஒன்பது சுற்று ஐவிஏ முடிந்து, கட்டி மறைந்த பிறகும், மேலும் ஆறு மாதம் லேசான அளவில் மருந்து: வாரம் ஒருமுறை வினோரெல்பின் ஊசி, மூன்று வாரம் போட்டு ஒரு வாரம் ஓய்வு, கூடவே தினமும் சிறிதளவு சைக்ளோபாஸ்பமைடு மாத்திரை. குலுக்கல் முறையில் 371 பேரைப் பிரித்தார்கள். அத்தனை பேரைச் சேர்க்க 14 நாடுகளும் பத்தாண்டுகளும் தேவைப்பட்டன. இந்த நோயின் அரிதான தன்மைக்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஐந்தாண்டு முடிவில் உயிரோடிருந்தவர்கள், மருந்தை நிறுத்தியவர்களில் 73.7 சதவீதம், தொடர்ந்தவர்களில் 86.5 சதவீதம். 2018-இல் சிகாகோவில் நடந்த புற்றுநோய் மருத்துவர்கள் மாநாட்டில் இதைக் கேட்டுவிட்டு வந்தவர்கள் உற்சாகத்தில் இருந்தார்கள். எங்கள் துறையில் முப்பது ஆண்டுகளாக எதைச் சேர்த்தாலும் ‘வேறுபாடு இல்லை’ என்றே கேட்டுப் பழகிய காதுகள் அவை.

ஆனால் என் பையனுக்குக் கொடுத்தது விஏசி. சிகிச்சையை மருத்துவர்கள் கூடி முடிவு செய்யும் டியூமர் போர்டில் மூத்த மருத்துவர் அதைத்தான் பிடித்துக்கொண்டார். “அது ஐவிஏக்குப் பிறகு பார்த்த ஆய்வு. நம் பையன் ஏற்கெனவே உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 16.8 கிராம் சைக்ளோபாஸ்பமைடு வாங்கியிருக்கிறான். நீங்கள் இன்னும் 4.2 சேர்க்கப் போகிறீர்கள். நாளைக்கு அவன் கல்யாணம் கட்டும்போது யார் பதில் சொல்வது?”

இரண்டும் சமம் என்று 2001-இல் சொன்னார்களே, பிறகு இதற்கு மட்டும் ஏன் வேறு நியாயம் என்று கேட்டேன். அதற்கும் அவரிடம் பதில் இருந்தது: அந்த ஆய்வில் ஒரு சுற்றுக்கு 2.2 கிராம் கொடுத்தார்கள், நாம் கொடுப்பது 1.2. அதனால்தானே நம் குழந்தைக்கு இது கூடுதலாகத் தேவைப்படலாம் என்றேன். சிரித்துவிட்டு, “வீட்டாரிடம் பேசிப் பாருங்கள்” என்றார். எங்களுக்குள் முடியாததை வீட்டாரிடம் தள்ளுவதற்கு நாங்கள் வைத்திருக்கும் மரியாதையான பெயர் அது.

பேசினேன். நிதானமாகத்தான் பேசினேன். புதிய ஆய்வு, ஆறு மாதம், நூறு குழந்தைகளில் இத்தனை, ஆனால் அவர்களுக்குக் கொடுத்தது வேறு மருந்து, எல்லாம் சொன்னேன். அவர் தாளைப் பார்த்தபடி கேட்டார்: “பதினான்கு என்றுதானே டாக்டரம்மா சொன்னீர்கள்? கொடுத்தது போதவில்லையா?”

“போதும் என்றுதான் நினைக்கிறோம். இது கூடுதல் பாதுகாப்புக்கு.”

“கட்டாயமா?”

“கட்டாயம் என்று சொல்ல முடியாது.”

அவர் முகம் தெளிந்தது. அந்தத் தெளிவை நான் பார்த்தேன், பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சேர்க்காமல் இருந்தேன். போர்ட்டை அடுத்த வாரமே எடுத்தார்கள்.

சொன்னது உண்மை. விஏசிக்குப் பிறகு இது உதவுமா என்பதற்கு அன்று சான்று கிடையாது. பிறகு அமெரிக்கர்கள் தங்கள் ஆய்வில் இரண்டு பிரிவுக்கும் இந்த ஆறு மாதத்தைச் சேர்த்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் கொடுத்தால் ஒப்பிடுவது எப்படி? ஆகவே அந்தக் கேள்வி இன்றும் அப்படியே கிடக்கிறது. ஆனால் மருத்துவர் ‘கட்டாயமில்லை’ என்றால் தறிக்காரர் காதில் ‘வேண்டாம்’ என்றுதான் விழும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். கொடுக்கலாம் என்று டியூமர் போர்டில் வாதாடியவளும் நான்தான். அப்படியென்றால் என் கருத்தை ஏன் அவரிடம் சொல்லவில்லை? மூத்தவரோடு மோத விருப்பமில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். அந்தப் பதினான்கு டிக் இன்னொரு காரணம். முடிந்துவிட்டது என்று நம்பி வந்தவரிடம் முடியவில்லை என்று சொல்லும் வேலை எனக்கு எப்போதும் பிடிக்காது. நிச்சயமில்லாததை நிச்சயமில்லை என்று சொன்னது நேர்மைதானே என்று ஒரு நாள் தோன்றும். மறுநாள், அந்த நேர்மை எனக்கு மிக வசதியாக அமைந்துவிட்டதே என்று தோன்றும்.

இப்போது நான் கேட்பதில்லை. முதல் நாளே தாளில் ஆறு கட்டம் கூடுதலாகப் போட்டுவிடுகிறேன். விஏசியானாலும் ஐவிஏயானாலும், கடைசி ஆறு மாதம் மாத்திரையும் ஊசியும் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். யாரும் எதிர்த்ததில்லை. பதினான்கோடு சேர்த்து ஆறு என்றால் இருபது; முதலிலேயே இருபது என்று கேட்டவருக்கு அது இருபதுதான். வீட்டாருக்கு முழு விவரம் சொல்லி அவர்களையே முடிவெடுக்க விட வேண்டும் என்று கருத்தரங்குகளில் பேசுகிறவள் நான். இன்னும் அதைத்தான் நம்புகிறேன். என் அறையில் நடப்பது வேறு.

சமீபத்தில் ஒரு பெண் குழந்தை இந்தக் கட்டத்துக்கு வந்தாள். அம்மாவிடம் விளக்கினேன்: மாத்திரையை உடைக்கக் கூடாது, பொடிக்கக் கூடாது, வெறுங்கையால் எடுத்துக் கொடுக்க வேண்டாம், தண்ணீர் நிறையக் குடிக்க வைக்க வேண்டும், காய்ச்சல் வந்தால் காத்திருக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவர் போன பிறகு பயிற்சி மருத்துவர் கேட்டார்: “விஏசிக்குப் பிறகு சான்று இல்லை என்பதை அவரிடம் சொல்லவில்லையே மேடம்?”

“அவர் கேட்கவில்லை” என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லாமல் அளவைக் கணக்கிட ஆரம்பித்தார். உடல் பரப்பு 0.8 சதுர மீட்டர், சதுர மீட்டருக்கு 25 மில்லிகிராம் என்றால் நாளைக்கு 20. எங்களிடம் இருப்பது 50 மில்லிகிராம் மாத்திரை, உடைக்க முடியாது. ஆகவே இரண்டு வாரத்துக்கு மொத்தமாகக் கணக்கிட்டு, எந்தெந்த நாளில் ஒரு மாத்திரை என்று குறித்துக் கொடுப்போம். “280 வருகிறது மேடம். ஐந்து மாத்திரையா, ஆறா?”

ஆறு என்றேன். அதற்கு நான் யோசிக்கக்கூட இல்லை.