பெட் என்று என்னை அழைத்த ஊர்

காங்கேயத்துக்குத் தெற்கே, ஆடுமாடு மேய வேலி கட்டி வைத்திருக்கும் கொரங்காட்டு நடுவில் வளர்ந்தவள் நான். திருமணமாகி இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள நியூகாசிலுக்குக் குடிபோன முதல் வாரத்தில், நகரப் பேருந்தில் ஏறிச் சில்லறையை நீட்டினேன். ஓட்டுநர் பயணச்சீட்டைக் கையில் கொடுத்து, "தேங்ஸ், பெட்" என்றார். பள்ளியில் படித்த ஆங்கிலத்தில் பெட் என்றால் வீட்டில் வளர்க்கும் நாய், பூனை. ஆகவே ஒரு வெள்ளைக்காரர் முகத்துக்கு நேராக என்னை வளர்ப்புப் பிராணி என்கிறாரே என்று எனக்குச் சுருக்கென்றது. இறங்கும் இடம் வரும்வரை சன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன். இரவு வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, எழுபது வயது நோயாளிகளையே மருத்துவமனைச் செவிலியர்கள் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள் என்றார்.

அதன்பிறகு காய்கறிக் கடையிலும், அடுத்த வீட்டு வாசலிலும், தொலைபேசியிலும் அந்தச் சொல் என் காதில் விழாத நாளில்லை. நம் பக்கத்தில் 'கண்ணு' என்றும் 'சாமி' என்றும் முன்பின் தெரியாதவரைக்கூட அழைப்பது போன்ற அழைப்பு அது என்று புரிந்தாலும், மிருகத்துக்கும் மனிதருக்கும் ஒரே சொல் எப்படி வந்தது என்ற கேள்வி நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. அகராதிகளைப் புரட்டியபோதுதான் நான் அதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருந்தது தெரிந்தது. பெட் லண்டனில் பிறந்து வடக்கே வந்த சொல் அன்று. 16ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் வழங்கி, 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அந்த வட்டாரத்தைத் தாண்டாமல் இருந்த சொல். கையால் பாலூட்டி வளர்த்த ஆட்டுக்குட்டிக்கு அங்கே அதுவே பெயர். செல்லம் கொடுத்து வளர்த்த பிள்ளை என்ற பொருளோ, எழுத்துச் சான்றில் விலங்கைக் குறிக்கும் பொருளுக்குச் சற்று முந்தியே கிடைக்கிறது. சிறிய என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் சாயல் இதில் படிந்திருக்கலாம் என்பார்கள். வேர் இன்னும் துணியப்படவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கோபிப்பதற்கும் ஆங்கிலத்தில் பெட் என்று பெயருண்டு. பேருந்தில் அன்று நான் இருந்த நிலைக்கு அந்தப் பொருளே பொருந்தும்.

இதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதப்போய், சித்தப்பா ஒருவர் உடனே, பெட் நம்முடைய 'பெட்பு'தான் என்று தீர்ப்பெழுதினார். "பிணையும் பேணும் பெட்பின் பொருள" என்று தொல்காப்பிய உரியியலில் இருப்பது உண்மை. விரும்பிப் பேணுதல் என்ற அந்தப் பொருளும் நன்றாகவே ஒட்டுகிறது. ஆனால் ஒலி ஒத்தால் உறவு என்று கொண்டால், நாம் ஆடு அடைக்கும் பட்டி, வாளையாறு தாண்டிப் பாலக்காட்டுக்குள் நுழைந்ததும் மலையாளத்தில் நாயாகிவிடுவதற்கு என்ன சொல்வது? சித்தப்பா பதில் போடவில்லை.

நம்மிடமும் இந்தச் சிக்கல் குறைவில்லை. செல்லப்பிராணி என்ற சொல்லைக் கோவையின் கடைப் பலகைகளில் பார்த்திருக்கிறேனே தவிர, எங்கள் ஊரில் ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. காவலுக்கு இருப்பது நாய், அவ்வளவுதான். செல்லம் என்பதோ வேறு சில ஊர்களில் வெற்றிலைப் பெட்டிக்கே பெயர்.

சென்ற தை மாதம் விடுப்பில் வந்தபோது, அம்மாவைப் பெற்ற அம்மாயி வீட்டு வாசலில் தாயை இழந்த ஒரு மேச்சேரிச் செம்மறிக் குட்டி நின்றிருந்தது. பழைய சர்பத் பாட்டிலில் ரப்பர் காம்பை மாட்டி, தண்ணீர் கலந்த மாட்டுப்பாலை அம்மாயி சாய்த்துப் பிடிக்க, குட்டி முன்னங்கால்களை மடித்து, வால் படபடக்க, மடியென்று எண்ணிப் பாட்டிலை முட்டி முட்டிக் குடித்தது. கடைவாயில் நுரை வழிந்தது. "மெதுவாக் குடி சாமி, மெதுவாக் குடி கண்ணு" என்று அம்மாயி அதனிடம் பேசிக்கொண்டிருந்தார். நியூகாசில்காரர்களின் அந்தப் பழைய பெட், முள்ளுக்கிளுவை வேலியோரம் என் கண்ணெதிரே பால் குடித்துக்கொண்டிருந்தது.

"ஏனுங் அம்மாயி, என்னையும் கண்ணுங்கறீங்க, ஆட்டுக்குட்டியையும் கண்ணுங்கறீங்களே?" என்றேன்.

"கன்னுக்குட்டியக் கன்னுன்னு கூப்படறமல்லொ, ஆட்டுக்குட்டியக் கூப்புட்டா என்னாயிப்போச்சு?" என்றார், தலை நிமிராமல்.

விழியைக் குறிக்கும் கண்ணு என்றே இத்தனை ஆண்டுகளாக நான் எண்ணியிருந்தேன். அவர் வாயில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே ஒலிக்கும். அப்படியானால் சிறுவயது முதல் என்னை அழைத்தது எந்தக் கண்ணு, எந்தக் கன்னு என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் குட்டி காலிப் பாட்டிலை முட்டத் தொடங்கிவிட்டது.

"அந்தச் சொம்புல இன்னுங் கொஞ்சம் பால் இருக்குது, எடுத்துட்டு வா கண்ணு" என்றார் அம்மாயி.