மிஞ்சின குழம்புக்கு என்ன கணக்கு?

மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி ரத்தப் பரிசோதனையில் 6.1 என்று வந்தது. 5.7க்கும் 6.4க்கும் நடுவில் இருந்தால் சர்க்கரை இன்னும் வீட்டுக்குள் வரவில்லை, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். செம்பூரில் ஒரு டயட்டீஷியன் நாளுக்கு 1,600 கலோரி என்று எழுதிக் கொடுத்தார். இட்லியை எண்ணிவிடலாம், சோற்றை எடை போட்டுவிடலாம், குழம்பை என்ன செய்ய என்று கேட்டேன். "ஒரு கட்டோரி, சின்னக் கிண்ணம், 150 மில்லி, அவ்வளவுதான்" என்றார்.

எங்கள் வீடு திருநெல்வேலியிலிருந்து மும்பை வந்த வீடு. குழம்பு கட்டோரியில் வராது. சட்டியிலிருந்து குழிக்கரண்டியில் நேராகச் சோற்றின் மேல் விழும். கொஞ்சம் தட்டில் தங்கும், கொஞ்சம் சட்டியில் நின்று மறுநாள் காலை இட்லிக்கு வரும். ஊற்றியது எவ்வளவு, உள்ளே போனது எவ்வளவு என்பதே பெரிய பஞ்சாயத்து. மொபைல் ஆப்பில் சாம்பார் என்று தேடினால் பத்துப் பேர் பத்து எண் போட்டிருக்கிறார்கள். யார் வீட்டுச் சாம்பாரோ!

ஆகவே பச்சைப் பொருளிலிருந்து ஆரம்பித்தேன். ஒரு கிராம் வரை காட்டும் எடைமெஷின் வாங்கி, உள்ளே போகும் பருப்பு, எண்ணெய், காய் எல்லாவற்றையும் நிறுத்து எழுதுவது. 100 கிராம் துவரம்பருப்புக்கு ஏறக்குறைய 340 கலோரி, எண்ணெய் எதுவானாலும் கிராமுக்கு 9. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட அட்டவணையில் 528 பண்டங்கள் இருக்கின்றன. அதில் கலோரிக்குப் பதில் கிலோஜூல், 4.184-ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும். குழம்பு இறக்கியதும் பாத்திரத்தோடு நிறுத்து, பாத்திரத்தின் எடையைக் கழித்தால் குழம்பின் மொத்த எடை. ஆப்பில் "எத்தனை பேருக்கு" என்று கேட்கும் இடத்தில் அந்த எடையைப் பத்தால் வகுத்துப் போட்டுவிடுவேன். ஒரு பங்கு என்றால் 10 கிராம். தட்டில் எவ்வளவு விழுந்தாலும் கணக்கு வந்துவிடும்.

கொதிக்கிற பாத்திரத்தைப் பிளாஸ்டிக் மெஷின்மேல் வைக்கக்கூடாது, அடியில் ஒரு டைல்ஸ் துண்டு போட்டுப் பூஜ்யம் ஆக்கிக்கொள்ளுங்கள். வெறும் பாத்திரத்தின் எடை நினைவில் நிற்காது. மாட்டுங்காவில் பாத்திரத்தில் பேர் வெட்டித் தரும் கடைக்குப் போனேன். "என்ன பேர் சார்?" என்றார். "612" என்றேன். அடுத்த பாத்திரத்துக்கு "385". மனிதர் ஒன்றும் கேட்காமல் வெட்டிக் கொடுத்தார். அம்மாவுக்குத்தான் ஆறவில்லை: "ஏலே, ஒன் அப்பா பேர் இருக்க எடத்துல என்னலே நம்பர்?"

சாம்பாருக்கு இந்த முறை சுகமாக வேலை செய்கிறது. 100 கிராம் பருப்பு, 15 கிராம் எண்ணெய், காய், எல்லாம் சேர்த்து 625 கலோரி. இறக்கும்போது 1,200 கிராம். நூறு கிராமுக்கு 52. சாப்பிட்டு முடித்தபின் தட்டைத் திரும்ப நிறுத்தால் 35 கிராம் மிச்சம் காட்டும். அதிலும் பாதி முருங்கைக்காய்ச் சக்கையும் கறிவேப்பிலையும்தான். மொத்தமே 20 கலோரிக்குள், சின்ன இட்லியில் பாதி. சாம்பார் மிச்சத்தை நான் இப்போது கழிப்பதே இல்லை.

வத்தக்குழம்பு அப்படி விடாது. அம்மா வைத்த ஒரு வத்தக்குழம்பில் நல்லெண்ணெய் மட்டும் 60 கிராம், அதாவது 540 கலோரி. புளி, பொடி, சுண்டைவற்றல், வெல்லம் எல்லாம் சேர்ந்து இன்னொரு 150. வற்றி இறங்கியது 460 கிராம்; சராசரி போட்டால் நூறு கிராமுக்கு 150 கலோரி. எல்லாரும் சாப்பிட்டு 120 கிராம் மிஞ்சியது. கணக்குப்படி அதில் 180 கலோரி இருக்க வேண்டும். சந்தேகத்துக்கு அதைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி வைத்தேன். சற்று நேரத்தில் மேலே எண்ணெய் தெளிந்து நின்றது. ஸ்பூனால் வழித்து நிறுத்தால் 28 கிராம். எண்ணெயில் மட்டுமே 250 கலோரி!

காரணம் எளிது. சுண்டைவற்றலைத் தேடிக் கரண்டி அடிக்குப் போகும், எண்ணெய் மேலேயே மிதந்து கடைசிவரை சட்டியில் நிற்கும். சட்டியைச் சாய்த்து மேலாக ஊற்றுகிற வீட்டில் இதுவே தலைகீழாக நடக்கும். கலக்கிவிட்டுப் பரிமாறினாலும் கரண்டி தட்டுக்கு வருவதற்குள் பிரிந்துவிடுகிறது. அதனால் எண்ணெய் பிரியும் குழம்புக்குச் சராசரி வேண்டாம். மிச்சத்தில் மிதக்கும் எண்ணெயை வழித்து நிறுத்து, ஊற்றிய எண்ணெயில் கழித்துவிடுங்கள். எங்கள் கதையில் 60-ல் 28 போக 32 கிராம்தான் தட்டுகளுக்குப் போயிருக்கிறது. அதை அவரவர் எடுத்த குழம்பின் எடைக்கேற்பப் பிரித்தால் போதும். வழித்த எண்ணெயை அம்மா கொட்டவிடவில்லை, மறுநாள் தோசைக்கு மிளகாய்ப்பொடி குழைத்தாள். அப்போது அது தோசைக் கணக்கு.

தேங்காய்ப்பாலில் வைக்கும் சொதி இன்னொரு ரகம். ஒரு மூடியோ இரண்டு மூடியோ, துருவிய தேங்காய் 200 கிராம் என்றால் 700 கலோரி. பால் பிழிந்த சக்கையில் கொஞ்சம் கொழுப்பு தங்கிவிடும், எவ்வளவு என்று வீட்டில் அளக்க வழியில்லை. நான் முழுசாகவே எழுதிக்கொள்கிறேன், கூடுதலாக எழுதுவதில் நஷ்டம் இல்லை. ஆனால் பிள்ளைகள் உருளையையும் கேரட்டையும் பொறுக்கித் தின்றுவிட்டுப் பாலை விட்டுவிடுவார்கள். மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைத்தால் மேலே வெள்ளையாக ஏடு கட்டும். தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும், நல்லெண்ணெய் ஃப்ரிட்ஜிலும் இளகியே கிடக்கும். அந்த ஏட்டை எடுத்து நிறுத்து ஒன்பதால் பெருக்காதீர்கள். அதில் தண்ணீரும் கலந்திருக்கும். காய் தனி, பால் தனி என்று இரண்டு எடையாகப் பிரித்துப் பார்ப்பதே நடக்கிற காரியம்.

மீன்குழம்பு மறுநாள்தான் ருசி என்பது எங்கள் வீட்டு வேதம். 400 கிராம் மிச்சம், சுண்ட வைத்ததும் 300. போனது தண்ணீர் மட்டும், கலோரி அப்படியே. முதல்நாள் கணக்கை வைத்து எழுதினால் மூன்றில் ஒரு பங்கு கூடிப்போனது தெரியாது. சுண்டக் குழம்பை இன்னொரு தரம் நிறுத்தே ஆகவேண்டும்.

ஆபீஸ் டப்பாதான் அதிகம் படுத்தியது. காலையில் டப்பாவாலா எடுத்துப் போவார், சாப்பிட்டு முடித்ததும் காலி டப்பா எனக்கு முன்னாலேயே வீடு போய்ச் சேர்ந்துவிடும். நான் லோக்கல் ரயில் பிடித்து வருவதற்குள் வேலைக்கு வரும் பெண் அதைத் தேய்த்துக் கவிழ்த்திருப்பாள். மிச்சம் எவ்வளவு என்று யாரைக் கேட்பது? மிச்சத்தை நிறுத்துவிட்டுக் கழுவச் சொல்லிப் பார்த்தாயிற்று. அவளுக்கு அடுத்த வீடு காத்திருக்கிறது. பக்கத்து சீட் குஜராத்திக்காரர் வேறு, குழம்பில் ரொட்டியைத் தோய்த்து "ஸரஸ் ச்சே" என்று பாதியைக் காலி செய்வார். இப்போது டப்பாவில் குழம்பு 80 கிராமுக்கு மேல் போவதில்லை. மிஞ்சும்படி கொடுத்தால்தானே அளக்க வேண்டும்? வீட்டில் மனைவி நிறுத்து ஊற்றி, எடையை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறாள். குஜராத்திக்காரருக்கு என்று தனியாக ஒரு சின்ன டப்பா, அது கணக்கில் இல்லை.

ரசத்துக்கு மட்டும் மெஷின் எடுப்பதில்லை. தெளிவாக இறுத்துக் குடித்தால் அதில் ஒன்றுமில்லை. பருப்பெல்லாம் அடி வண்டலில் கிடக்கிறது. வண்டல் வேண்டும் என்று கேட்கிற நாளில் ஒரு கரண்டி சாம்பார் என்று எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறேன்.